மண்டபச் சரிவில் மூன்று எலுமிச்சம்பழங்கள்

முப்பத்திரண்டு வயதில் பணி ஓய்வு பெற்றவன் நான். இதைச் சொன்னால் "மிலிட்டரியா தம்பி?" என்று கேட்கிறார்கள். இல்லை, முதுகு. பத்து வருடம் ஜீப்புகளுக்கு அடியில் படுத்து ஆக்ஸில் இறக்கி ஏற்றியதில், இடுப்புக்கு மேலே இருக்கிற ஒரு தட்டு தன் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. இனிமேல் தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ராஜகீழ்ப்பாக்கம் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. ஒரு சால்வை, ஒரு கிலோ மைசூர்பாகு, உட்கார்ந்தே இருக்கச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இப்போது மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் பேட்டரி வண்டிகள் வந்து உட்கார்ந்ததில் ஆக்ஸில் கியர் பாடம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. போன வாரம் ஒரு மாணவன் எழுந்து, "சார், பெரிய டயர் போட்டா கியர் மாத்தணுமா வேணாமான்னு ஆப்லயே வந்துடுதே, அப்புறம் எதுக்கு ஒரு மணி நேரம்?" என்றான். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவனாகப் போன முதல் ஆள் நான்தான். எனக்கு முன்பு என் அம்மா தினமும் போயிருக்கிறார், கூட்டிப் பெருக்க. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்ததும் கம்பெனி வேலை கிடைக்கும் என்று வீடே காத்திருந்தது. கிடைத்தது ஒர்க்‌ஷாப். டிப்ளமோ படித்தவன் என்று அங்கே எனக்கு டிப்ளமோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற என் பெயர் அந்தக் கட்டடத்துக்குள் ஒருநாளும் ஒலித்ததில்லை.

ஒர்க்‌ஷாப்பின் முதலாளி நூர்ஜஹான் அக்கா. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மகள். பிறந்ததிலிருந்து பேரிங் பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவர். கல்யாணமாகிப் போன வீட்டில் பொழுது போகவில்லை என்று ஜீப்புக்கு மட்டும் தனியாக ஒர்க்‌ஷாப் போட்டார். ஸ்பேனரைத் தொட மாட்டார். ஆனால் எந்த வண்டிக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்கிற தீர்ப்பு அவருடையது. தலைமை மெக்கானிக் தனசேகர் அண்ணாவிடம் கேட்டால், "நமக்கு கைவேல. முடிவு அக்காது. சம்பளம் அதுக்குத்தான் அவங்க குடுக்கறாங்க, நாம வாங்கறோம்" என்பார்.

விஷயம் இதுதான். இன்ஜின் சுற்றும் சுற்று, இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற ஆக்ஸிலின் நடுவில் இருக்கிற உருண்டைக்குள் வந்து திரும்பிச் சக்கரத்துக்குப் போகிறது. அங்கே பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம். பினியன் கிட்டத்தட்ட நாலு சுற்று சுற்றினால் கிரவுனும் சக்கரமும் ஒரு சுற்று. கம்பெனிக்காரன் இதை அவன் போட்ட டயரின் உயரத்துக்குக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறான். நீங்கள் ஆசைப்பட்டு இருபத்தொன்பது அங்குல டயரைக் கழற்றிவிட்டு முப்பத்து மூன்று போட்டால், சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓட வேண்டும். இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். சைக்கிளில் ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறின மாதிரி. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். வண்டி உண்மையில் போகிற வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். "போலீஸ் புடிச்சா மீட்டரைக் காட்டாதீங்க, மன்னிப்பு மட்டும் கேளுங்க" என்று அக்கா எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லி அனுப்புவார்.

கணக்கு சுலபம். புது டயர் உயரத்தைப் பழையதால் வகுத்து, பழைய கியர் விகிதத்தால் பெருக்கினால் புதுக் கியர் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் போட்டுக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, "இந்த வண்டிக்கு மாத்தணுமா?" என்றார். கணக்கில் அது வரவில்லை.

மாற்றுவது சின்ன வேலையும் இல்லை. "டயர் மாத்தறது சட்டை மாத்தற மாதிரி. கியர் மாத்தறது இடுப்பெலும்பு மாத்தற மாதிரி" என்பார் அக்கா. ஆக்ஸிலைப் பிரித்து, பல்லில் மஞ்சள் பெயின்ட் தடவி, கையால் சுற்றிப் பார்த்து, ஒரு பல் இன்னொரு பல்லின் நடுவில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் பதிந்தால் மறுபடி கழற்றி, பேப்பர் கனத்துக்கு ஒரு வாஷர் சேர்த்து, மறுபடி மாட்ட வேண்டும். தவறினால் வண்டி ஊளையிடும். பக்கத்து வீட்டு நாய் பதில் ஊளையிடும். தனசேகர் அண்ணா மஞ்சள் பெயின்ட் தடவி உட்கார்ந்துவிட்டால் டீ வந்தாலும் நிமிர மாட்டார்.

அதிலும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் மாற்ற வேண்டும். இதைச் செலவு என்று நினைத்தவர் மாடம்பாக்கத்தில் மனை விற்கிற பிரவீன் என்பவர். வேறெங்கேயோ பின்னால் மட்டும் மாற்றிக்கொண்டு, ஏரிக்குள் இறங்கி நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி பூட்டியிருக்கிறார். முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம். நடுவில் இரண்டு பக்கத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி உடைந்தே போய்விட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

தனசேகர் அண்ணா வண்டியைச் சுற்றி வந்தார். "இன்னா சார், முன்னாடி ஒரு கட்சி, பின்னாடி ஒரு கட்சியா? கூட்டணி எப்படி நிக்கும்?"

"தாம்பரத்துல ஃபோர் வீல் எங்கண்ணா போடப் போறோம்னு சொன்னாங்க."

"அப்ப ஏரில எதுக்கு சார் போட்ட?"

"ஏரி மாடம்பாக்கத்துலதானே இருக்கு?" என்றார் பிரவீன் பரிதாபமாக.

சரி, மாற்றணுமா வேண்டாமா என்பதை அக்கா எப்படி முடிவு செய்வார்? அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பெரிய டயரோடு யார் வந்து கேட்டாலும் முதல் வாக்கியம், "குடும்பத்தோட வாங்க." ஏனென்றால் டயரை ஆம்பிளை தனியாகப் போய் வாங்குகிறார், வண்டியிலோ மாமியார் வரை ஏறுகிறார்கள். குடும்பம் வந்ததும் வழக்கமாக ஏற்றுகிற சாமான்களின் எடைக்குப் பதிலாக இரண்டு பழைய கியர்பாக்ஸைப் பின்னால் ஏற்றுவோம். முதலில் பைபாஸில் ஓட்டுவோம். மேட்டில் ஐந்தாவது கியர் நிற்கிறதா, கீழே இறக்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்போம்.

அடுத்தது மலை. தாம்பரத்தில் வண்டி ஏறுகிற மாதிரி மலைக்கு எங்கே போவது? அக்கா கண்டுபிடித்தது எங்கள் தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபம். அதன் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து தெருவுக்கு ஏறும் சிமென்ட் சரிவு, எந்தக் கொண்டை ஊசி வளைவுக்கும் சளைத்ததில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் வாட்ச்மேன் அனுமதிப்பார். சரிவின் நடுவில் வண்டியை நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. தனசேகர் அண்ணா பின்சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளி ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். பிறகு வண்டியை எடுத்து மேலே போக வேண்டும். பிரேக்கிலிருந்து கால் மாறுகிற அந்த நொடிக்குள் கிளட்சை விட்டு இன்ஜின் இழுக்கத் தொடங்கினால் பழம் பிழைக்கும். வண்டி பின்னால் உருண்டால் பழம் போச்சு. உருளாமல் நிறுத்தப் போராடினால் கிளட்ச் எரிகிற வாசனை வரும். ஒவ்வொருவருக்கும் மூன்று முறை.

புது வண்டிக்குப் பூஜை போடும்போது எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும், இங்கே நசுங்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என்று எல்லோரும் அந்தப் பழத்தை ஒரே பயபக்தியோடு திரும்பிப் பார்ப்பார்கள்.

"நாலு சக்கரத்தையும் பூட்டி, லோ கியர் போட்டா சுலபமா ஏறிடுமே?" என்று சிலர் கேட்பார்கள். சேற்றில் ஏறும். காய்ந்த தார் ரோட்டு வளைவில் நாலையும் பூட்டினால் சக்கரங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். அதனால் மலைப்பாதையில் கிளட்ச் திணறுகிற இடம் சேறு இல்லை, நல்ல ரோடுதான். அக்காவின் சரிவு அதற்காகத்தான்.

இனி எட்வின் சார் கதை.

எட்வின் சார் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பாக்கத்தில் வீடு. வேலையில் இருந்தவரை ஸ்கூட்டரைக்கூட நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷர். ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு ஜீப் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தன்னைப் போன்ற நாலைந்து பேரோடு வறண்ட ஏரிகளில் இறங்கி ஏறுவதை வழக்கமாக்கிக்கொண்டார். நன்றாகவே ஓட்டுவார். ஏரிக்கரை மேட்டில் கம்பளிப்பூச்சி மாதிரி, அவசரமே இல்லாமல், ஒரு கல் கூடச் சிதறாமல் ஏறுவார் என்று அவர் கோஷ்டியில் பேசிக்கொள்வார்கள். முப்பத்து மூன்று அங்குல டயர் போட்ட அன்று வண்டியைவிட அவர் உயரமாகத் தெரிந்தார்.

அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர், அறிவியல் ஆசிரியை. அவருக்கு அந்தச் சமயம் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஜவ்வாது மலையில் ஒரு பாதிரியார் நடத்துகிற, விடுதியோடு கூடிய சின்னப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவர் போட்ட டைம்டேபிளில் பாடம் எடுத்த டீச்சருக்கு, சொந்தமாக டைம்டேபிள் போட ஒரு பள்ளி. கடைசி வாய்ப்பும் அதுதான். ஆனால் பஸ் அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் மண் ரோடு. டீச்சருக்கு முழங்கால் சரியில்லை. நடக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். டீச்சர்தான் பேசினார்.

"நான் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபாதருக்குப் பதில் சொல்லணும் மேடம். மாசத்துக்கு ஒரு தடவை அரிசி பருப்போட இவர் என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்றாரு. இந்த வண்டி ஏறும்னா போறேன், ஏறாதுன்னா இல்லைன்னு சொல்லிடறேன். அவ்வளவுதான்."

"ஏறாதுன்னுதான் நான் நினைக்கிறேன்" என்றார் எட்வின் சார். "டயர் பெரிசு. கியர் மாத்தாம கஷ்டம். தம்பி, நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்."

போட்டேன். 3.73 இருக்கிற இடத்தில் 4.24 வேண்டும் என்று வந்தது. எட்வின் சார் முகம் மலர்ந்தது. "பாத்தியா?"

"கணக்கு இருக்கட்டும் சார். மண்டபத்துக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் ஒரு வரவேற்பு இருந்தது. கூட்டம் வர நேரமாகும், சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று வாட்ச்மேன் விட்டார். எட்வின் சார் ஓட்டினார், பக்கத்தில் டீச்சர். பின் ஸீட்டில் அக்காவும் நானும், எங்களுக்குப் பின்னால் இரண்டு கியர்பாக்ஸ்களும். தனசேகர் அண்ணா டீக்கடையில் வாங்கின எலுமிச்சம்பழங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறவர் மாதிரி கீழே நின்றார்.

சரிவின் நடுவில் வண்டி நின்றது. பழம் வைக்கப்பட்டது.

"எடு சார்!"

வண்டி பின்னால் உருண்டு, பிறகு முன்னே போனது.

"போச்சு சார்! பழம் சட்னி!"

இறங்கி வந்து மறுபடி. மறுபடியும் உருண்டது. "ரெண்டாவதும் பூடுச்சு! டீக்கடைக்காரன் ஜூஸ் போட வெச்சிருந்தது சார், பாத்து!"

மூன்றாவது முறை வண்டி தாராளமாகவே உருண்டது. பழத்தின் விதை தனசேகர் அண்ணாவின் லுங்கியில் ஒட்டியது.

எட்வின் சார் பெருமூச்சு விட்டார். "சொன்னேன்ல ஸ்டெல்லா. கியர் மாத்தித்தான் ஆகணும். அது வெளியூர்லருந்து வரணும், ரெண்டு மாசம் ஆகுமாம். ஃபாதர்கிட்ட அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு, "சரி" என்றார். பரீட்சைப் பேப்பரைத் திருத்தி முடித்துக் கட்டி வைக்கிற மாதிரி ஒரு சரி. கைப்பையைத் திறந்து போனை எடுத்தார்.

எனக்கு மூக்கில் ஏதோ குறைந்தது.

"அக்கா, நாறவே இல்லையே?" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பாடத்தில் முதல் பெஞ்ச் மாணவன். காலை மிதித்தால் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள் என்று நினைப்பவன். தள்ளி உட்கார்ந்துகொண்டு விளக்கத் தொடங்கினேன்.

"இல்ல சார், பாரம் இழுக்க முடியாம வண்டி உருண்டா, நீங்க அதைப் பிடிக்கப் பாத்திருப்பீங்க. இன்ஜின் திணறியிருக்கும். கிளட்ச் எரிஞ்சு இந்நேரம் வண்டிக்குள்ள உட்கார முடியாது. இன்ஜின் அமைதியா இருந்துச்சு, வாசனையும் வரலை. இது பிரேக்கை விட்டுட்டு, கிளட்சை விடாம, சும்மா உருண்ட…"

வாக்கியம் எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிரேக் போட்டேன். தாமதமாகிவிட்டது.

டீச்சர் போனைக் கையில் வைத்தபடி கணவர் பக்கம் திரும்பினார். "என்னங்க?"

"கால் வழுக்கிடுச்சு."

"மூணு தடவையுமா?"

எட்வின் சார் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த கம்பெனி முத்திரையை உற்றுப் பார்த்தார், புதிதாக வாங்கப் போகிறவர் மாதிரி. தனசேகர் அண்ணா நசுங்கின பழத்தோடு ஜன்னல் பக்கம் வந்து தலையை நீட்டினார்.

"இன்னா சார், ஒரே பேஜாரா கீது. வண்டி ஏறலையா, நீ ஏத்தலையா?"

"தனசேகர்" என்றார் அக்கா. அண்ணா தலையை வெளியே எடுத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் கீழே பேஸ்மென்டில் பூ அலங்கார வேன் ஒன்று, பூவை இறக்கிவிட்டு வெளியே போக எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவருடைய பாணியே அதுதான். எவ்வளவு சத்தம் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகப் பேசுவார். "டீச்சர், நீங்க ஓட்டுவீங்கல்ல? ஒரு தடவை ஓட்டிப் பாருங்க."

"கார் ஓட்டுவேன். இது ஓட்டினதில்லை."

"ரெண்டுக்கும் மூணு பெடல்தான்."

இருவரும் இடம் மாறினார்கள். டீச்சர் ஸீட்டை முன்னால் இழுத்து, செருப்பைக் கழற்றிக் கீழே ஓரமாக வைத்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரி பண்ணினார். வேன்காரரிடம் கொஞ்சம் பின்னால் போகச் சொல்லிக் கெஞ்சினோம்.

"யோவ், திருஷ்டி கழிக்க வேற எடம் கிடைக்கலையா ஒனக்கு?" என்றார் அவர்.

"கழிக்கலபா, கண்டுபுடிச்சுகினு கீறோம்" என்று தனசேகர் அண்ணா புதுப் பழத்தை வைத்தார்.

டீச்சர் எடுத்தார். இன்ஜின் உறுமியது, வண்டி நடுங்கியது, ஆனால் பின்னால் ஒரு விரல் கூட நகராமல் மேலே போனது.

"பழம் உசுரோட கீது!"

இரண்டாவது முறையும் பிழைத்தது. மூன்றாவது முறையும் பிழைத்தது. ஆனால் இப்போது வண்டிக்குள் லேசாக, பிளாஸ்டிக் எரிந்த மாதிரி அந்த வாசனை வந்தது. அக்கா கண்ணை மூடி முகர்ந்தார். பிரியாணி தம் திறக்கிற இடத்தில் நிற்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"வந்துருச்சு. இது உண்மையான வாசனை. வண்டி ஏறும், ஆனா கஷ்டப்பட்டு ஏறும்."

"அப்போ கியர் மாத்தணுமா, வேணாமா?" என்றார் டீச்சர். மேலே ஏறிப் போகாமல் சரிவிலேயே நிறுத்தி, அவர் இன்னும் பிரேக்கை மிதித்தபடி இருந்தார்.

அக்கா அவரை விட்டுவிட்டு எட்வின் சாரிடம் கேட்டார். "சார், இந்த வண்டி எங்க தங்கும்?"

"புரியலை மேடம்."

"மாசத்துக்கு ஒருமுறை மலை ஏறிட்டுத் திரும்பற வண்டின்னா கியரைத் தொட வேணாம். நிதானமா ஓட்டினா போதும், கிளட்ச் தாங்கும். மலையிலேயே தங்கி, தினம் ஏறி இறங்கற வண்டின்னா, முன்னாடியும் பின்னாடியும் மாத்தியே ஆகணும். இல்லாட்டி மழை முடியறதுக்குள்ள கிளட்ச் முடிஞ்சிரும். வண்டி எங்க தங்கும்னு சொல்லுங்க, நான் முடிவு சொல்றேன்."

எட்வின் சார் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார். "செம்பாக்கத்துலதான்" என்றார். "பொண்ணு கோயம்புத்தூர்ல. இவ மலையில. நானும் வண்டியும் செம்பாக்கத்துல."

சொல்கிறபோது குரல் கடைசியில் கொஞ்சம் உருண்டது.

டீச்சர் ஸ்டியரிங்கை விட்டு எட்வின் சார் பக்கம் முழுதாகத் திரும்பினார். "இதை வீட்ல சொல்றதுக்கு என்ன? பழத்தைப் போய் நசுக்கிக்கிட்டு."

"எப்படிச் சொல்றது? நீ எவ்வளவு ஆசையா இருக்கே. போகாதேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அதுக்காக வண்டி ஏறாதுன்னு சொல்றதா?"

"வண்டி மேல சொன்னா அது கோவிச்சுக்காதுல்ல."

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை. அக்கா நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கியர்பாக்ஸ்கள் மாதிரி நாங்கள் இருவரும் எடைக்காக ஏறினவர்கள்தானே.

"நீங்களும் வரலாம்ல?" என்றார் டீச்சர்.

"நீ கூப்பிடவே இல்லையே."

"நீங்க வருவீங்கன்னு நான் கனவா கண்டேன்? ஞாயித்துக்கிழமையானா ஏரி, கோஷ்டி, டயர். உங்களை அதுலருந்து பிரிக்க வேணாம்னுதான் நான் வாயைத் திறக்கலை."

"அங்க மண் ரோடுன்னு சொன்னியே."

"ஆமா."

"மழை பேஞ்சா சேறாகுமா?"

"வாசல் வரைக்கும் சேறுதான்னு ஃபாதரே சொன்னார்."

எட்வின் சார் பின் ஸீட்டைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு எழுந்து, நாலு ஏரி தேடிப் போயும் சேறு கிடைக்காமத் திரும்பியிருக்கோம்" என்றார் அக்காவிடம், ஏதோ புகார் கொடுப்பவர் போல.

அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாத இடங்களில் சிரிக்காமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். "அப்ப வண்டி எங்க தங்கும் சார்?" என்று பழைய குரலிலேயே கேட்டார்.

எட்வின் சார் டீச்சரைப் பார்த்தார். பதில் டீச்சரிடமிருந்து வந்தது. "மலையிலதான் மேடம். மாத்திடுங்க. ரெண்டு ஆக்ஸிலும்."

"டிப்ளமோ, உன் கணக்குப்படியே ஆர்டர் போடு" என்றார் அக்கா. "கியர் வர்ற வரைக்கும் சாரோட பழைய டயரை மாட்டி அனுப்பிடுவோம். அதுக்கு இந்தக் கியரே சரியா இருக்கும். பழைய டயர் எங்க சார்?"

"மொட்டை மாடில" என்றார் எட்வின் சார். "அதுல பசலைக்கீரை போட்டிருக்கேன்."

"நாளைக்குப் பொரியல் பண்ணிட்டு டயரைக் கொடுத்தனுப்பறேன்" என்றார் டீச்சர்.

மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆப் கணக்கைச் சரியாகவே போடும், நான் போட்டதும் அதே கணக்குதான். 4.24 சரியான விடை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை என்பதை வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சில சமயம் அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. இதை ஒரு மணி நேரத்தில் நடத்தி முடிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பூ வேன்காரர் இப்போது ஹாரனிலிருந்து கையை எடுப்பதையே விட்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்ட இரண்டு கார்களும் வந்து வரிசையில் சேர்ந்துவிட்டன. வாட்ச்மேன் மேலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். டீச்சர் ஹேண்ட் பிரேக்கைப் பலமாக இழுத்தார். இறங்கிப் பழைய இடத்துக்கு வந்து, எட்வின் சாரை ஸ்டியரிங் பக்கம் போகச் சொல்லிவிட்டு, போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"ஸ்தோத்திரம் ஃபாதர், ஸ்டெல்லா பேசறேன். ஆமா ஃபாதர், வர்றேன். … சத்தமா? ஒண்ணுமில்ல ஃபாதர், ஒரு மண்டபத்துல இருக்கேன். … வண்டியெல்லாம் ஏறும், பார்த்துட்டோம். … இல்ல ஃபாதர், தனியா இல்ல. அவரும் வர்றாரு. … பேங்க்லருந்து ரிட்டயர் ஆனவர்தான். எட்டாவது வரைக்கும் கணக்குப் பாடம் எடுப்பாரு."

"நானா?" என்று எட்வின் சார் ஸீட்டில் நிமிர்ந்தார்.

டீச்சர் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"பின்ன, சும்மா உட்கார்ந்து சேத்தை வேடிக்கை பார்க்கலாம்னு நினைச்சீங்களா? முதல்ல வண்டியை எடுங்க. பின்னாடி ஒரு கல்யாணமே நிக்குது."